ஒரு கோப்பை பழைய ஒயில்

தம்பி,

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நீ குசினி வாசலில் சாய்ந்து நின்று என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாய். உன் புது லொறியின் முதல் சேர்விஸுக்கு எந்த எஞ்சின் ஒயில் போடச் சொல்வது என்பது ஒன்று. அந்தப் புது ஒயிலோடு, நம் கராஜில் இருக்கும் கறுப்புக் கேனிலிருந்து ஒரு கோப்பையும் சேர்த்து ஊற்றலாமா என்பது மற்றது. முதலாவதற்கு ஒரே வரியில் பதில் சொன்னேன். இரண்டாவதற்கு, பருப்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன். அடுப்பு மூட்டியே இருக்கவில்லை. நீ அதைக் கவனித்திருப்பாய். ஆனாலும் "ஓகே அம்மா, லேட்டர்" என்று வண்டித் திறப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அப்பா போன பிறகு நாம் இருவரும் இந்த வீட்டில் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். ஒருவர் கேட்பார், மற்றவருக்கு ஏதாவது அடிப்பிடிக்கும்.

வியாழக்கிழமை உன் லொறிக்கு சேர்விஸ். ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்னுக்கு முதல் சுமையோடு புறப்படுகிறாய். அதற்கு முன் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வாயால் சொல்லத் தொடங்கினால் மறுபடி அடுப்பைப் பார்ப்பேன் என்பதால் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் நீ போனில் மேலோட்டமாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவாய். தமிழ் என்றால் ஒவ்வொரு எழுத்தாக, டூங்கபித் தமிழ்ப் பள்ளியில் படித்த நாட்களைப் போல உதடு அசைய வாசிப்பாய். எனக்கு நீ மெதுவாக வாசிப்பது வேண்டும். நீ சம்மதித்தால், பிறகு இதைத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் கொடுக்க நினைத்திருக்கிறேன். நம் பிள்ளைகள் பலர் இப்போது லொறி எடுக்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் அம்மாமார் இருக்கிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் தெரியாதவருக்குச் சொல்வது போல இதில் சொல்லியிருப்பேன். பொறுத்துக்கொள்.

முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் எனக்கு லேசு. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்துவிட்டு வந்து, இங்கே லொறி டீலர் ஒருவரின் சேர்விஸ் கவுன்டரில் இத்தனை வருடமாக நிற்கிறேன். வண்டி கொண்டுவருகிறவர்கள் பாதிப்பேர் ஒயிலைப் பற்றிக் கேட்பது கல்யாண வீட்டில் பொன்னுருக்கும் தட்டாரைப் பற்றி விசாரிப்பது போல இருக்கும். யாருடையது நல்லது, யார் ஏமாற்றமாட்டார்கள் என்றுதான் கேட்பார்கள். பெயர் முக்கியமில்லை. கேனின் முன்பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்க்காதே. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் தரக் குறியீட்டைப் பார். உன் லொறியோடு வந்த கைநூலில் எந்தக் குறியீடு இருக்கிறதோ அதுவே கேனிலும் இருக்க வேண்டும். உன்னுடையது புது எஞ்சின். அதன் புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. கரியை அது தானே எரித்துவிடும். ஆனால் ஒயிலில் சேர்த்திருக்கும் உப்புகள் எரிந்தால் மிஞ்சுகிற சாம்பலை அதனால் எரிக்க முடியாது. அது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள்ளும். அதனால்தான் சாம்பல் குறைந்த ஒயில் என்று தனியாக ஒன்று செய்கிறார்கள். டீலரிடம் விட்டால் எல்லாம் சரியாகத்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு கோப்பி குடிக்கப் போய்விடாதே, அது என்னுடைய டீலராக இருந்தாலும். பெரிய தாங்கியில் இருந்து குழாயால் ஊற்றுவார்கள். தாங்கியில் என்ன இருக்கிறது என்று கேள். பில்லில் குறியீட்டோடு எழுதித் தரச் சொல். வழியில் குறைந்தால் ஊற்றுவதற்கு அதே ஒயிலில் உடைக்காத கேன் ஒன்றைப் பக்கப் பெட்டியில் வைத்திரு. உன் சிநேகிதன் சொன்னானே, "ப்ரோ, திக்கான ஒயில் போடு, அப்பதான் எஞ்சின் நிண்டு பிடிக்கும்" என்று. அவனுக்கு என் அன்பைச் சொல். அவன் சொன்னதைச் செய்யாதே.

இனி இரண்டாவது. அதற்கு முன், நீ என்ன செய்தாய் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். லொறி வந்த கிழமையே வெஸ்ட்மீட் பக்கம் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோனோம். ஐயர் வெளியே வந்து லொறியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தம்பி, பத்துச் சில்லுக்கும் தேசிக்காய் வைக்கிறதோ? எனக்கு இண்டைக்கு வேற அலுவலும் இருக்கு" என்றார். நீ சிரித்தாய். "முன்னுக்கு ரெண்டு காணும்" என்று அவரே சொல்லி, கண்ணாடி எட்டாததால் சந்தனத்தை முன் கம்பியில் பூசினார். பக்கத்தில் நின்ற அன்ரி ஒருவர், "என்ன பிள்ளை, எஞ்சினியரிங் படிச்சுப்போட்டு லொறியே?" என்று உன்னைச் சீண்டினார். "அன்ரி, இதுக்குள்ளயும் எஞ்சின்தான் இருக்கு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் உன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெருவிரல் நகத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு. புது லொறி எடுத்தவனின் கையில் பழைய ஒயில் எப்படி வந்தது என்று அப்போதே என் மனதில் ஓடியது. கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை நீயே சொன்னாய். கோயிலுக்குப் புறப்படுவதற்கு முன், நான் மாலை கட்டிக்கொண்டிருந்தபோது, கராஜைத் திறந்து அந்தக் கேனிலிருந்து ஒரு கோப்பை எடுத்து எஞ்சினுக்குள் ஊற்றியதாக. "ஜஸ்ட் ஒரு கப் அம்மா. ஒவ்வொரு சேர்விஸுக்கும் கொஞ்சம் விட்டா, அப்பான்ர எப்பவும் உள்ளுக்க இருக்கும். தயிருக்கு உறை விடுற மாதிரி." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னாய். "ஊத்தேக்க அப்பாட்ட சொன்னனான். லைசன்ஸ் விஷயம். ஐ டோல்ட் ஹிம்." அந்த இடத்தில்தான் எனக்குப் பருப்பு அடிப்பிடித்தது.

மலர் வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கேனில் என்ன இருக்கிறது என்று தெரியாது. உனக்கும் பாதிதான் தெரியும். முழுவதையும் சொல்ல உன் அப்பா நித்திரை கொள்ளும் விதத்தைச் சொல்ல வேண்டும். அவருக்கு அமைதியில் நித்திரை வராது. ஊரில் குண்டு விழுவதற்குச் சற்று முன்னால் நாய்கூடக் குரைக்காமல் எல்லாம் அடங்கிவிடும் என்பார். பிறகு இங்கே வந்து வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் இருந்த மாதங்களில், நடைபாதையில் சத்தம் நின்றால் யாரையோ அழைத்துப் போக வருகிறார்கள் என்று அர்த்தமாம். என்னைக் கல்யாணம் செய்து கூப்பிட்ட புதிதில், கோடையோ குளிரோ, மின்விசிறி சுழலாவிட்டால் எழும்பி உட்கார்ந்துவிடுவார். லொறி ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்த மனிதர் ஒழுங்காக நித்திரை கொண்டார். ஓய்விடத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, பின்னால் இருக்கும் கட்டிலில் படுத்துவிடுவார். இரவில் ஓடும் லொறிக்காரருக்கு ஓய்வு எடுக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் பகலில்தான் வரும். நான் லீவு நாட்களில் சமைத்துக்கொண்டிருக்கும்போது எனக்குப் போன் எடுப்பார்.

"டொக்டரம்மா, நாடி பாருங்கோ" என்பார். நான் ஒயில் விஷயத்தில் பெரிய ஆள் மாதிரிப் பேசுவதால் அந்தப் பட்டம். போனை எஞ்சின் பக்கம் நீட்டுவார். "கேக்குதே?"

"ஓம், கேக்குது. உங்கட கதையை விட அது திருத்தமாய்க் கதைக்குது."

"அப்ப அதோட கதைச்சுக்கொண்டிரும். நான் கொஞ்சம் கண்ணயரப் போறன். வைக்காதையும்."

நான் வைக்கமாட்டேன். போனை யன்னல் ஓரத்தில், கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். நானூறு கிலோமீற்றர் தள்ளி ஒரு லொறி உறுமிக்கொண்டிருக்கும். அதற்குள் என் மனுஷன் நித்திரை. நான் வெங்காயம் வெட்டுவேன். என் கல்யாண வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான நேரம் எது என்று யாராவது கேட்டால், நகை போட்ட நாளையோ நீ பிறந்த நாளையோ சொல்லத்தான் வாய் வரும். உண்மையில் அந்த மத்தியானங்கள்தான். ஒருவர் பேசவே இல்லை. சத்தம் மட்டும் இருந்தது. சத்தம் இருந்தால் ஆள் இருக்கிறார்.

அந்த நாளும் அதே போலத்தான் தொடங்கியது. மெல்பேர்ன் வழியில் யாஸ் தாண்டி ஓர் ஓய்விடத்தில் நிறுத்தியிருப்பதாகச் சொன்னார். "நெஞ்சு கொஞ்சம் எரியுது. நேற்றையான் கொத்துரொட்டி செய்யிற வேலை" என்றார். "வயசுக்கேத்த மாதிரிச் சாப்பிட்டா எரியாது" என்றேன். "உம்மட புட்டைச் சாப்பிட்டே எரியாத நெஞ்சு இது" என்றார். சிரித்தோம். பிறகு வழக்கம் போல நாடி பார்த்தேன். எஞ்சின் நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. "வைக்காதையும்" என்றார். நான் போனைச் சாடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இதற்கு மேல் நடந்தது நம் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் நாம் ஒருவரோடு ஒருவர் இதைப் பேசியதே இல்லை. நீ கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாய். முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஏதோ கடதாசி. நான் உதட்டில் விரல் வைத்து யன்னலைக் காட்டினேன். "ஷ்... அப்பா நித்திரை." நீ குரலைத் தாழ்த்தி, கனரக லைசன்ஸ் சோதனையில் பாஸ் பண்ணிவிட்டதாக என் காதுக்குள் சொன்னாய். அவருக்குத் தெரியாமல் பதிந்து, தெரியாமல் பழகி, தெரியாமல் பாஸ் பண்ணியிருந்தாய். அவர் என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயமும் சிரிப்புமாக இருந்தது. "சொல்லுவமே?" என்று நான் போனைக் கண்ணால் காட்டினேன். "நோ, நோ. அவர் எழும்பட்டும். நானே சொல்றேன்" என்றாய். பிறகு கதிரையைச் சத்தம் வராமல் தூக்கி இழுத்து, உட்கார்ந்து, கரண்டி தட்டில் படாமல் சோறு சாப்பிட்டாய். நான் எதிரில் இருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் மூன்று பேரும் ஒரு அறையில் இருப்பது போல இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருமுறை அதன் பெரிய விசிறி உரத்துச் சுழன்று, பிறகு அடங்கியது. எஞ்சின் சூடேறினால் அது அப்படித்தான் செய்யும். அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் இன்றுவரை கவுன்டரில் நிற்கும்போது எங்காவது ஒரு லொறியின் விசிறி அப்படி எழுந்து அடங்கினால், கையில் இருக்கும் பேனா நின்றுவிடுகிறது. அப்போதா? அதற்கு முன்னா? நீ வந்தபோது அவர் இருந்தாரா? மத்தியானத்துக்கும் பின்னேரத்துக்கும் இடையில் என்று மட்டும்தான் வைத்தியர்கள் சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் எந்த இடத்தில் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆள் இல்லாத ஒரு சத்தத்துக்காக நாம் மெதுவாகப் பேசினோம், நீ மெதுவாகச் சாப்பிட்டாய்.

பக்கத்தில் நிறுத்தியிருந்த வேறொரு சாரதி பிறகு சந்தேகப்பட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அதுவரை ஒருவரும் தட்டவில்லை. எஞ்சின் ஓடுகிற லொறிக்குள் ஆள் நித்திரை என்று எல்லோரும் நினைப்பார்கள் அல்லவா, நம்மைப் போலவே. அந்த மனிதர்தான் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: யன்னல் ஓரத்தில் சத்தம் திடீரென்று நின்றது. நீ சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாய். "எழும்பிட்டார்" என்று சொல்லிக்கொண்டு ஈரக் கையோடு போனை எடுக்க ஓடி வந்தாய்.

லொறியை விற்பதற்கு முன் எங்கள் வேக்ஷொப்புக்குக் கொண்டுவந்தார்கள். சேர்விஸ் செய்யும் தவணையும் வந்திருந்தது. நான் கவுன்டரை விட்டு உள்ளே போய் நின்றேன். ஃபோர்மன் டோனி அடியில் படுத்து மூடியைக் கழற்றினான். கறுப்பாக, சூடாக, நூல் போல இறங்கியது. அந்த முழு மத்தியானமும் எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஒயில். அவர் மூச்சு இருந்தபோதும் சுற்றியது, இல்லாதபோதும் சுற்றியது. "எனக்குக் கொஞ்சம் பிடிச்சுத் தா" என்று டோனியிடம் கேட்டேன். "யூ ஷுவர், லவ்?" என்றான். பிறகு ஒரு கேனில் பிடித்து மூடி, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து, அவனே என் காரின் பின்பெட்டியில் வைத்தான். வீட்டில் நீ இறக்கி வைத்தாய். என்ன என்று கேட்டாய், சொன்னேன், தலையாட்டினாய். அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டோம். அதற்கு முறை இருந்தது, ஐயர் இருந்தார், மந்திரம் இருந்தது. இதற்கு ஒரு முறையும் கிடையாது. இரசாயனம் படித்தவள் நான். பழைய ஒயிலில் கரியும் உலோகத் தூளும் அமிலமும் தவிர வேறொன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கராஜுக்குப் போய் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பேன். அவர் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும் மணம் அதில் இருக்கிறது. நீ அந்தக் கேனைத் தொட்டது எனக்குப் பூசை அன்றே தெரியும். நான் மூடியை ஒருபோதும் இறுக்குவதில்லை. அன்று பின்னேரம் அது இறுக்கி மூடியிருந்தது.

உன்னிடம் சொல்லாத ஒரு விஷயம். அப்பாவின் லொறி இப்போதும் எங்கள் இடத்துக்குத்தான் சேர்விஸுக்கு வருகிறது. வாங்கியவர் ஒரு பஞ்சாபிக்காரர், நல்ல மனிதர். சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து திறப்பை என் கையில் தருவார். "உங்கள் ஊர்க்காரர் வைத்திருந்த வண்டிதானாம், எஞ்சின் பூப்போல ஓடுது" என்பார். அது யாருடையது என்று நான் சொன்னதில்லை. முதல் முறை வந்தபோது நான் கழிப்பறைக்குள் போய் நின்றேன். பிறகு பழகிவிட்டது, அல்லது பழகியவள் மாதிரி நடிக்கப் பழகிவிட்டது. போன மாதம் அதை வேக்ஷொப்பிலிருந்து வெளியே எடுக்க எஞ்சினைப் போட்டுவிட்டு ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டதால், அது ஓடியபடியே நின்றது. நான் பக்கத்தில் போய்க் கதவில் கை வைத்தேன். அதே உறுமல். அதே நடுக்கம். எவ்வளவோ தடவை ஒயில் மாற்றியாயிற்று, அப்பாவின் காலத்தது ஒரு துளிகூட உள்ளே இருக்காது. ஆனாலும் அது அதே குரலில்தான் பேசியது. ஆள் இருந்தபோதும் அதே குரல். ஆள் போனபோதும் அதே குரல். இப்போது வேறொருவருக்கும் அதே குரல். தம்பி, எஞ்சினுக்கு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதில் அக்கறை இல்லை. அங்கே நின்றபோதுதான் எனக்கு அது உண்மையில் விளங்கியது. அவரைத் தேடி நான் காது வைத்துக்கொண்டிருந்த இடத்தில் அவர் ஒருபோதும் இருந்ததில்லை.

அதனால் உன் கேள்விக்குப் பதில்: வேண்டாம். ஒரு கோப்பை பழைய ஒயிலால் உன் எஞ்சின் கெட்டுவிடாது. அதைச் சொல்லி உன்னைப் பயமுறுத்தினால் அது பொய். அந்த அளவு ஒயிலில் அது காணாமலே போய்விடும். ஆனால் ஏதாவது உடைந்து உத்தரவாதத்துக்குப் போனால் ஒயிலின் மாதிரியை எடுத்துப் பார்ப்பார்கள், அப்போது பதில் சொல்ல வேண்டியவன் நீ. அது சின்னக் காரணம். பெரிய காரணம், நீ உறை விடப் பார்க்கிறாய். இந்த சேர்விஸுக்கு ஒரு கோப்பை, அடுத்ததற்கு ஒரு கோப்பை என்று அந்த மத்தியானத்தைப் புளிக்கவைத்துப் புளிக்கவைத்து மெல்பேர்ன் வரைக்கும் கொண்டுபோகப் பார்க்கிறாய். நீ அவரிடம் சொல்ல வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாய். எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, டூங்கபியில் நம் வீட்டு வாசலில், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தாலும் பரவாயில்லை என்று நின்று சொல்லியிருக்கிறாய். அது போதும். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கு யோசனையாக இருந்தால் எனக்குத் தெரியும். முதலில், "ஆரைக் கேட்டு?" என்று கத்தியிருப்பார். ஒரு பத்து நிமிடம் கழித்து, "ரிவேர்ஸ் எப்பிடி எடுத்தவன்? ஒரே தரத்திலயோ?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டிருப்பார்.

இன்னும் ஒன்று. இது சேர்விஸ் கவுன்டரில் நிற்பவளாகவும் சொல்வது, உன் அம்மாவாகவும் சொல்வது. நித்திரை கொள்ளும்போது எஞ்சினை ஓடவிடாதே. புது எஞ்சின் சும்மா நின்று ஓடினால் டீசல் முழுக்க எரியாமல் ஒயிலோடு கலக்கும், ஒயில் நீர்த்துப்போகும், கரியை எரிக்கும் சூடு காணாமல் வடிகட்டியும் அடையும். கவுன்டருக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன், அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய் ஓடவிடுகிறார்கள். உன் லொறியில் எஞ்சின் இல்லாமலே குளிரூட்டியும் சூடும் தருகிற வசதி இருக்கிறது. அதைப் போடு. நெஞ்சு எரிந்தால் கொத்துரொட்டி என்று நினைத்துப் படுக்காதே. கதவைத் திறந்து கீழே இறங்கு. பக்கத்து லொறியைத் தட்டு. யாராவது உன் முகத்தைப் பார்க்கட்டும். உனக்கு இருபத்துநான்கு வயதுதான், இதெல்லாம் இப்போது எதற்கு என்று நினைப்பாய். உன் அப்பாவின் இரத்தம் உனக்குள் ஓடுகிறது. அதற்கு என்னால் ஒயில் மாற்ற முடியாது.

வியாழக்கிழமை காலையில் லொறியைக் கொண்டு வா. நானே கவுன்டரில் இருப்பேன். உன்னை வேறு வாடிக்கையாளரைப் போலத்தான் நடத்துவேன், குறியீட்டை வாய்விட்டு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவேன், சிரிக்காதே. உள்ளே இருப்பதை, நீ ஊற்றிய கோப்பையோடு சேர்த்து, முழுவதையும் வடித்துவிடுவார்கள். கராஜில் இருக்கும் கேனையும் கொண்டு வா. வேக்ஷொப்பின் பின்பக்கம் கழிவு ஒயில் தாங்கி இருக்கிறது. டோனியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டும் அதற்குள் போகட்டும். மாதம் ஒருமுறை பவுசர் வண்டி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். அதைக் காய்ச்சி, கரியைப் பிரித்து, மறுபடி தேன் நிறத்தில் ஒயிலாக்குவார்கள். பிறகு அது எந்த எஞ்சினுக்குள் போகும் என்று நமக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். கேனை நீதான் தூக்கி வர வேண்டும். மூடியை எத்தனை தடவை திறந்திருக்கிறேன், ஆனால் அதை ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை. எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியாது. தாங்கியின் வாயில் சரிக்கும்போது நானும் ஒரு கை பிடிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போ, பாய் என்று சொல்லாதே. வழியில் எங்கே நிறுத்தினாலும் எனக்குப் போன் எடு. என்ன சாப்பிட்டாய், சுமை எப்படி, எந்தக் கார்க்காரன் குறுக்கே விழுந்தான் என்று சொல். உனக்குப் பிடித்தது போல ஆங்கிலத்திலேயே சொல். நாடி பார்க்கச் சொல்லிப் போனை எஞ்சின் பக்கம் நீட்டாதே. எனக்கு உன் குரல் போதும். நித்திரை வந்தால், நித்திரை வருகிறது அம்மா என்று சொல். பிறகு எஞ்சினை நிறுத்து. போனை வை. நான் வைக்காமல் கேட்டுக்கொண்டிருக்க ஆசைப்படுவேன், அதற்கு இடம் கொடுக்காதே, நீயே வை. எழும்பியதும் எடு. இடையில் இந்தக் குசினியில் ஒரு சத்தமும் இருக்காது. அந்த அமைதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா